விடை சரி, வழி எங்கே? – கணக்கு வகுப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கேரளத்தின் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். '7, 10, 13, … என்னும் கூட்டுத் தொடர்வரிசையின் 20-ஆம் உறுப்பைக் காண்க' என்று 3 மதிப்பெண்ணுக்கு ஒரு வினா கொடுத்தேன். ஒரு மாணவன் வழி எதுவும் எழுதாமல் 64 என்று மட்டும் எழுதியிருந்தான். ஒரு மாணவி பொது வித்தியாசம் 3 என்று கண்டு, 7 + 20 × 3 = 67 என்று எழுதியிருந்தாள். யாருக்கு எவ்வளவு போடுவது?
– ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: மாணவனுக்கு 3, மாணவிக்கு 2 என்பது என் கணக்கு. வினாவில் 'காண்க' என்று மட்டும் கேட்டுவிட்டு, வழி எழுதவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகாது; வழி வேண்டுமானால் அதை வினாத்தாளிலேயே கேட்டிருக்க வேண்டும். அவன் விரல்விட்டு மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கலாம், பக்கத்துத் தாளைப் பார்த்தும் எழுதியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு அடுத்த வினாவுக்குத்தான். 'இந்த வரிசையில் 2024 வருமா? காரணம் எழுதுக' என்று கேட்டுப் பாருங்கள். வரிசையின் ஒவ்வோர் எண்ணையும் 3-ஆல் வகுத்தால் 1 மீதி வரும், 2024-ஐ வகுத்தால் 2 மீதி வருகிறது, ஆகவே வராது என்று அவன் எழுதினால், அவன் வரிசையைப் புரிந்துகொண்டவன். விரல்விட்டு எண்ணுகிறவனால் இதற்குப் பதில் எழுதி முடிக்க இயலாது.

மாணவியின் 67 இன்னும் முக்கியமானது. இதைப் பலரும் 'கவனக்குறைவு' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். கணக்கு வகுப்பில் அதிகமாகச் செலவாகும் சொல் அதுதான். 20-ஆம் உறுப்பை அடைய முதல் உறுப்பிலிருந்து 19 முறை கூட்டினால் போதும் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை, ஆகையால் எண்களை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் இதே பிழையைத்தான் செய்வாள். சூத்திரத்தைப் பத்து முறை எழுதச் சொல்வதால் பயன் இல்லை. 'உன் முறைப்படி முதல் உறுப்பு எவ்வளவு வரும்?' என்று கேளுங்கள். 7 + 1 × 3 = 10 என்று போடுவாள். முதல் உறுப்பு 7 ஆயிற்றே என்று அவளே நிற்பாள், அங்கிருந்து அவளே திருத்திக்கொள்வாள்.

மதிப்பெண்ணைப் பற்றி இன்னொன்று. ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த முறை முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைக் கண்டதும் பிள்ளைகளின் கண் குறிப்பின்மேல் நிற்பதில்லை என்பது வகுப்பில் தாள் கொடுத்த எவருக்கும் தெரிந்ததுதான். ஆகவே வகுப்புத் தேர்வுத் தாள்களை முதல் நாள் எண் போடாமல் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்லிவிட்டு, மதிப்பெண்ணை மறுநாள் சொல்லலாம். நாற்பது தாளில் தனித்தனியே குறிப்பெழுத யாருக்கும் நேரம் இருக்காது. பிழை வகைப்படி தாள்களை அடுக்குங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு அடுக்குக்குமேல் போகாது. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு வரியைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே பிழையைத் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் சி.இ. (தொடர் மதிப்பீடு) மதிப்பெண் 20-க்கு 20. கிறிஸ்துமஸ் பரீட்சையில் 80-க்கு 28. மொத்தம் 48, 'சி' கிரேடு, பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு தாய், வேலந்தாவளம்

பதில்: கூட்டல் சரிதான், 40 முதல் 49 வரை 'சி'. ஆனால் 80-க்கு 28 என்பது 35 விழுக்காடு, அதை மட்டும் எடுத்தால் அடுத்த கீழ்ப்படியான 'டி பிளஸ்'. மேலும், எழுத்துத் தேர்வில் தனியாகக் குறைந்தது 30 விழுக்காடு வேண்டும் என்னும் விதி கேரளத்தில் 2024–25 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் தொடங்கி, மறு ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் வந்துவிட்டது. கணக்கில் அது 24. உங்கள் மகள் அதற்கு 4 மட்டுமே மேலே நிற்கிறாள். சி.இ. என்பது ஆண்டு முழுவதும் பிள்ளை எப்படிக் கற்கிறாள் என்பதைக் காட்ட வேண்டியது. பிள்ளைகளைக் கரையேற்றுவதற்காக எல்லோருக்கும் முழுவதும் அள்ளிப் போட்டால் அது எதையும் காட்டாது.

பள்ளியில் கிரேடைக் கேட்காமல் விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். தொடாமல் விட்டவை, தொடங்கிப் பாதியில் நின்றவை, முடித்தும் தவறானவை என்று மகளோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். கடைசி வகையில்தான் எளிதாகத் திருத்தக்கூடியவை இருக்கும். எடுத்துக்காட்டாக, இரண்டு எண்களின் கூட்டலை வர்க்கப்படுத்தும்போது தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டிவிடுவது இந்த வகுப்பில் மிகப் பரவலான பிழை. (5 + 3)² என்பது 64; 5² + 3² என்பது 34. கட்டம் போட்ட நோட்டில் பக்கத்துக்கு 8 கட்டம் கொண்ட சதுரம் வரைந்து, பக்கங்களை 5, 3 என்று பிரித்துக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். விடுபட்ட 30 கட்டங்கள் பதினைந்து பதினைந்தாக இரண்டு செவ்வகங்களில் நிற்பதை அவளே எண்ணிப் பார்க்கட்டும். இதைக் காட்டக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை, நீங்களே செய்யலாம்.

கேள்வி: ஏழு வரை தமிழில் படித்துவிட்டு எட்டில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நேர்க்கணக்கு போடுகிறார்கள், வாக்கியக் கணக்கு வந்தால் கை நிற்கிறது.
– ஓர் இளைஞர், மறையூர்

பதில்: முதலில் நிற்பது மொழியிலா கணக்கிலா என்று பாருங்கள். 'ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 4 மீட்டர் அதிகம், பரப்பு 96 சதுர மீட்டர்' என்னும் கணக்கை ஆங்கிலத்தில் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வேறு எண்களோடு தமிழில் கொடுங்கள். தமிழில் போட்டுவிட்டால் அவர்களுக்கு வேண்டியது வாசிப்புப் பயிற்சி. தமிழிலும் நின்றால் சமன்பாடு அமைக்கும் பயிற்சி. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலக்காமல், படம் வரைந்து அளவு குறித்ததற்கு ஒன்று, சமன்பாட்டுக்கு ஒன்று, தீர்வுக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. கணக்குத் தேர்வில், எழுதுவதற்கான இரண்டரை மணி நேரம் தொடங்கும் முன்பு, வினாத்தாளை வாசிக்கத் தனியாக 15 நிமிடம் தருகிறார்கள். நீங்கள் வைக்கும் தேர்விலும் அந்த 15 நிமிடத்தைக் கொடுத்து, பேனாவை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு வாக்கியக் கணக்கும் எதைக் கேட்கிறது என்பதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள்.