முறத்துக்குள் இருக்கும் சொற்கள்

வணக்கம் சார்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி, வேலை சென்னையில். இணையத்தில் வரும் படங்களையும் கருத்துகளையும் பிரித்து லேபிள் போடும் வேலை. அதற்கான வழிகாட்டியைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். வகைப்படுத்து, பாகுபடுத்து, தரம் பிரி, இனம் பிரி என்று மாற்றி மாற்றிப் போட்டு வைத்தேன். எல்லாம் ஒன்றுதானே? இதற்கெல்லாம் தமிழில் சொல் குறைவு என்கிறார் என் மேலாளர். நிஜமா?

ர.

அன்புள்ள ர.,

குறைவா? நன்னிலம் பக்கம் என் அத்தை ஒரு முறத்தை வைத்துக்கொண்டு செய்த வேலைகளுக்கே உங்கள் மேலாளரிடம் சொல் போதாது. மேலும் கீழுமாகத் தட்டிப் பதரைப் பறக்கவிட்டால் புடைப்பது. பக்கவாட்டில் அசைத்துக் குருணையை ஒதுக்கினால் கொழிப்பது. சாய்த்து ஆட்டி அரிசியிலிருந்து நெல்லையும் கல்லையும் விலக்கினால் நாவுவது. இடித்த மாவில் சரியாக இடிபடாத கப்பியைப் பிரித்தால் தெள்ளுவது. இதற்கு முன்னால் களத்தில் தூற்றியாகிவிட்டது, பின்னால் சல்லடையில் சலிப்பது, கடைசியாகத் தண்ணீரில் கல் அரிப்பது. நாவ வேண்டியதை நான் புடைத்துவிட்டால் முறத்தைப் பிடுங்கிக்கொள்வார். தெளிவு என்கிறோமே, அது தெள்ளுதலுக்குப் பங்காளி. பொன் கொழிக்கும் பொன்னி என்கிறபோது காவிரியின் கையிலேயே ஒரு முறத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

உங்கள் நான்கு சொற்களும் ஒன்றல்ல. பிரித்த பிறகு மிச்சம் என்ன ஆகிறது என்று பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். புடைத்தால் பதர் குப்பைக்குப் போகும். வகுத்தால் எதுவும் குப்பைக்குப் போகாது. தலையில் எடுக்கும் வகிடு, கணக்கில் வகுத்தல், பள்ளிக்கூடத்து வகுப்பு எல்லாம் இந்த 'வகு'வின் பிள்ளைகள்தான். வகிடு எடுத்தால் இரண்டு பக்கமும் முடிதானே. 'இனம்' எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஒத்ததை ஒத்ததோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 'தரம்' வந்துவிட்டால் மேல் கீழ் வந்துவிடும், கூடவே விலையும் வரும்.

விலைக்கு நம் அரசு நெல் கொள்முதல் நிலையத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. வயலில் நாம் நெல்லைக் குறுவை, சம்பா, தாளடி என்று பட்டத்தை, அதாவது பயிர் வைக்கும் பருவத்தை வைத்துப் பிரிப்போம், இத்தனை நாள் பயிர் என்று பிரிப்போம், பள்ளக்காலில், அதாவது தாழ்வான வயலில், தண்ணீர் தாங்குமா என்று பிரிப்போம். நிலையத்துக்குப் போனால் இரண்டே வகை, சன்ன ரகம், பொது ரகம். அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்து 2.5 வந்தால் சன்னம், குறைந்தால் பொது. (வகைக்கு வகுத்தலையே கூப்பிட்டிருக்கிறார்கள், கவனித்தீர்களா?) 2024-25 பருவத்தில் மத்திய அரசின் ஆதரவு விலை பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,300 ரூபாய், மற்றதற்கு 2,320. சி.ஆர். 1009 என்கிற ரகம் குண்டு நெல், அதனால் பொது. அது இட்லிக்கு எவ்வளவு பாந்தம் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஒரு வருடம் என் சன்ன நெல்லைப் பொது என்று எழுதிவிட்டார்கள். குவிண்டாலுக்கு இருபது ரூபாய் போனதைவிட, "பார்த்தாலே தெரியுதே" என்று சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. அளந்து சொல்லியிருந்தால் சரி என்று வந்திருப்பேன்.

'பாகுபாடு' என்ற சொல்லை மட்டும் உங்கள் வழிகாட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய உரைகளில் அதற்கு வெறும் பகுப்பு என்றுதான் பொருள். இன்று அதைக் கேட்டவுடன் ஓரவஞ்சனைதான் நினைவுக்கு வருகிறது. காரணமில்லாமல் சொல் அப்படித் திரியாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களின் நிலக்கணக்கைக் கல்வெட்டில் பாருங்கள். வரியில்லாத நிலம் என்று ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே போகிறார்கள். அதே வரிசையில் கம்மாளர் குடியிருந்த கம்மாணசேரியும், பறையர் குடியிருந்த பறைச்சேரியும் வருகின்றன. நிலத்தைப் பிரித்த கையோடு ஆளையும் பிரித்தாயிற்று. ஆனால் வகுப்பு என்றாலே வம்பு என்றும் சொல்லமாட்டேன். 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி போட்ட வகுப்புவாரி ஆணை, அரசு வேலை யார் யாருக்குப் போகிறது என்று எண்ணிப் பார்க்கத்தான் மனிதர்களை வகுத்தது.

அப்புறம், தென்னை. தொல்காப்பிய மரபியலின்படி அது மரமல்ல, புல். வெளியே வைரம் பாய்ந்து கெட்டிப்பட்டது புல், உள்ளே பாய்ந்தது மரம். பனையும் மூங்கிலும் அந்தப் பக்கம்தான். புல்லின் உறுப்புகள் என்று அதில் சொல்லியிருப்பவை ஓலை, மடல், ஏடு, பாளை, ஈர்க்கு, குலை. தென்னை மரம் என்று வாயாரச் சொல்கிற நாம், இன்றுவரை தென்னை இலை என்று சொன்னதில்லை. வாழைதான் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறது. குலை தள்ளும், மட்டை உண்டு, ஆனால் சாப்பிடுவது இலையில். அந்த இலையிலும் நுனியை வெட்டியபின் மிஞ்சும் துண்டுக்கு ஏடு என்று பெயர்.

உங்கள் வேலைக்கு 'வகை பிரி' போதும். ஒன்று மற்றதைவிட உசத்தி என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'தரம் பிரி', தூக்கிப்போட வேண்டியதற்குச் 'சலித்தெடு'. எதிலும் சேராத வாழைகளுக்காக 'இதர' என்று ஒரு வகை வைத்திருப்பீர்கள். அதில் இப்போது எவ்வளவு சேர்ந்திருக்கிறது? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.