விமானத்தில் ஏறி வருமா வைரஸ்? வாசகர் கேள்விகளுக்குத் தொற்றுநோய் மருத்துவரின் பதில்கள்

எங்கோ ஒரு நாட்டில் கொடிய வைரஸ் தலைகாட்டியதாகச் செய்தி வந்தால் போதும், எனக்கு வரும் கேள்விகளில் பாதி விமானத்தைப் பற்றித்தான் இருக்கும். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்தும் சுருக்கியும் தந்திருக்கிறேன்.

கேள்வி: விமானத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. ஒருவர் இருமினால் அந்தக் காற்றைத்தானே முந்நூறு பேரும் சுவாசிக்கிறார்கள்?

அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் பறக்கும் விமானத்தில் காற்று முன்னிருந்து பின்னாகக் கடைசி வரிசைவரை ஓடுவதில்லை. தலைக்கு மேலிருந்து இறங்கி, கால்பக்கத் துவாரங்கள் வழியே ஏறத்தாழ அதே வரிசை அருகிலேயே வெளியேறுகிறது. ஒரு மணி நேரத்தில் 20 முதல் 30 முறை உள்காற்று மாறிவிடும். பெரிய விமானங்களில் அதில் சுமார் பாதி வெளிக்காற்று. மீதி, ஹெப்பா எனப்படும் மிக நுண்ணிய வடிகட்டிகளில் புகுந்து வருவது. வைரஸைச் சுமந்து வரும் துளிகளில் ஏறக்குறைய எல்லாமே அங்கே சிக்கிவிடும்.

அப்படியானால் பயமே வேண்டாமா? அதுவும் சரியில்லை. இருமுகிறவருக்கும் வடிகட்டிக்கும் நடுவில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே! 2003 மார்ச்சில் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங்குக்குப் போன மூன்று மணி நேர விமானத்தில் சார்ஸ் என்ற கடும் சுவாச நோய் பிடித்த ஒருவர் காய்ச்சலோடு இருந்தார். உள்ளே இருந்தவர்கள் 120 பேர். சந்தேக நோயாளிகளையும் சேர்த்தால் 22 பேருக்குத் தொற்றியது. அவர்களில் சிலர் அவருக்கு ஏழு வரிசை முன்னால் இருந்தவர்கள். ஆனால் அதே காலத்தில் நான்கு சார்ஸ் நோயாளிகள் சேர்ந்து போன இன்னொரு விமானத்தில் தொற்றியது ஒரே ஒருவருக்கு என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஒரு நோயாளி எவ்வளவு வைரஸை வெளியே விடுகிறார் என்பதில் ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம்.

நான் அதிகம் கவலைப்படுவது தரையில் நிற்கும் விமானத்தைப் பற்றி. 1977-ல் அலாஸ்காவில் இயந்திரக் கோளாறால் ஒரு விமானம் காற்றோட்டம் இல்லாமல் சுமார் மூன்று மணி நேரம் நின்றது. உள்ளே ஒருவருக்கு ஃப்ளூ. இருந்த 54 பேரில் 72 சதவீதத்தினர் மூன்று நாட்களுக்குள் படுத்துவிட்டார்கள். அதனால் விமானம் ஓடுபாதையில் நின்று, ஏசியும் நின்று புழுங்கினால் காற்றோட்டத்தைப் போடச் சொல்லிக் கேளுங்கள். அது வெறும் சௌகரியத்துக்கான கோரிக்கை அல்ல.

கேள்வி: பிடித்தால் பாதிப் பேர் செத்துப்போகும் வைரஸ் என்கிறார்கள். ஒரே ஒருவர் விமானம் ஏறி வந்தால் ஊரே காலியாகிவிடாதா?

கொல்லும் வேகமும் பரவும் வேகமும் வேறு வேறு. செய்திகளில் முதலாவதுதான் கொட்டை எழுத்தில் வரும். எபோலா பிடித்தவர்களில் சராசரியாகப் பாதிப் பேர் இறக்கிறார்கள். ஆனால் அறிகுறி தொடங்கும் முன் அவர்களிடமிருந்து நோய் தொற்றாது; தொடங்கிய பிறகும் இரத்தம், வாந்தி போன்றவை நேரடியாகப் பட வேண்டும். நோய் முற்றியவரால் எழுந்து நடமாடவும் முடியாது. தட்டம்மையோ, நோயாளி வெளியேறிய பிறகும் அந்த அறையின் காற்றில் இரண்டு மணி நேரம்வரை நிற்கும். தடுப்பூசி போடாத பத்துப் பேர் நெருங்கியிருந்தால் ஒன்பது பேருக்குப் பிடிக்கும். அதைக் கண்டு யாரும் டிக்கெட்டை ரத்து செய்வதில்லை!

2014 ஜூலையில் உலகமே அஞ்சியது நடந்தேவிட்டது. லைபீரியாவிலிருந்து எபோலாவோடு ஒருவர் நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கி அங்கேயே சரிந்தார். கோடிக்கணக்கானவர் நெருக்கியடித்து வாழும் நகரம் அது. முடிவில் அவரையும் சேர்த்து 20 பேருக்கு நோய், 8 பேர் மரணம். தொற்றியது பெரும்பாலும் அவரைக் கவனித்த மருத்துவமனை ஊழியர்களுக்கும் அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுக்கும். அங்கே சுகாதாரப் பணியாளர்கள் ஏறத்தாழ 900 பேரின் பட்டியலை எடுத்து, வீடு வீடாகப் போய் தினமும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

என் அனுபவத்தில் விமானம் வைரஸை ஊர்விட்டு ஊர் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். அது பரவுகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் இறங்கிய பிறகு, மருத்துவமனை வரவேற்பறையில் தீர்மானமாகிறது.

கேள்வி: விமான நிலையத்தில் காய்ச்சல் சோதனை செய்துதானே உள்ளே விடுகிறார்கள்? பிறகென்ன பயம்?

அந்தக் கேமரா தோலின் சூட்டைத்தான் பார்க்கிறது, வைரஸை அல்ல. நேற்று தொற்றியவருக்கு இன்று காய்ச்சல் இருக்காது. காய்ச்சல் இருப்பவரும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கடந்துவிடலாம். சார்ஸ் காலத்தில் கனடாவில் பல லட்சம் பயணிகளை இப்படிச் சோதித்தும் ஒரு சார்ஸ் நோயாளிகூடச் சிக்கவில்லை. ஏதோ நடக்கிறது என்று மக்களுக்குக் காட்டுவதற்குத்தான் அது அதிகம் பயன்படுகிறது என்பது என் அபிப்பிராயம். வரிசையில் நிற்கும்போது கையில் ஒரு சீட்டு தருவார்களே, அறிகுறி வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று, அது கேமராவைவிட மேல். தூக்கி எறியாதீர்கள்.

கேள்வி: நோய் உள்ள நாட்டிலிருந்து வரும் விமானங்களை மொத்தமாக நிறுத்திவிட்டால் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைச் சிலர் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன், ஏனென்றால் அது பலித்த கதையும் உண்டு. 1918 ஃப்ளூ காலத்தில் பசிபிக் கடலில் உள்ள அமெரிக்கச் சமோவா கப்பல்களைக் கறாராகத் தடுத்தது. அங்கே ஒரு சாவும் இல்லை. பக்கத்தில் மேற்குச் சமோவா ஒரு கப்பலை உள்ளே விட்டது. அந்தத் தீவில் ஐந்தில் ஒருவருக்குமேல் இறந்துபோனார்கள்.

ஆனால் அது தீவு. நோய் வரும் முன்பே பூட்டினார்கள், எல்லாரையும் தடுத்தார்கள். இன்று நாம் செய்வது, நோய் எந்த நாட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதோ அந்த நாட்டை மட்டும் அடைப்பது. 2021 நவம்பர் 24-ல் தென்னாப்பிரிக்கா கோவிட் வைரஸின் புதிய வகையான ஒமிக்ரான் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொன்னது. ஓரிரு நாளில் தடைகள் வரிசையாக வந்தன. நெதர்லாந்தில் அதே மாதம் 19-ஆம் தேதியே எடுத்து வைத்திருந்த மாதிரியில் ஒமிக்ரான் இருந்தது பிறகுதான் தெரிந்தது. கதவைச் சாத்தும்போதே ஆள் உள்ளே இருந்திருக்கிறார்.

இதில் எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். நேர்மையாகச் சொன்ன நாட்டுக்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை யார் சொல்வார்கள்? தனி ஆளும் அப்படித்தான். தடை வந்ததும் வேறு ஊர் வழியாகச் சுற்றி வருவார், எங்கிருந்து வந்தார் என்பதை மறைப்பார். தடையால் சில வாரம் அவகாசம் கிடைக்கும், மறுக்கவில்லை. அந்த வாரங்களில் மருத்துவமனைகள் தயாராகாவிட்டால் அவ்வளவு நஷ்டமும் வீண்.

கேள்வி: எந்த இருக்கை நல்லது? முகக்கவசம் அவசியமா?

ஜன்னலோரம். நடைபாதையில் போகிறவர் வருகிறவர் உங்களை உரச மாட்டார்கள். தலைக்கு மேலுள்ள காற்றுக் குழாயைத் திறந்து வையுங்கள். முகக்கவசம் போடுவதானால் என்95 வகையைப் போடுங்கள். முக்கியமாக ஏறும்போதும் இறங்கும்போதும் பேருந்திலும் குடியேற்ற வரிசையிலும். பலர் இங்கெல்லாம் அதைத் தாடைக்குக் கீழே தள்ளிவிட்டு, காற்றோட்டம் நன்றாக இருக்கும் நடுவானத்தில் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்கள். விலை கூடிய வகுப்பு காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம்: 2020 மார்ச் தொடக்கத்தில் லண்டனிலிருந்து ஹனோய்க்குப் போன விமானத்தில் கோவிட் தொற்றியதாகக் கருதப்படும் 15 பேரில் 12 பேர் பிசினஸ் வகுப்பில் இருந்தவர்கள்.

கேள்வி: நோய் பரவும் நாட்டிலிருந்து வந்த பார்சலைத் தொடலாமா?

தொடலாம். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பக்கத்து இருக்கைக்காரர் வழி முழுக்க இருமிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பெரும்பாலும் சாதாரணச் சளியாக இருக்கும். ஆனாலும் போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துங்கள். விசாரிக்கும்போது இருக்கை எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். பிறகு உடம்பைக் கவனியுங்கள். ஃப்ளூ என்றால் 1 முதல் 4 நாளில் தெரிந்துவிடும். மெர்ஸ் என்ற மத்திய கிழக்குச் சுவாச நோய்க்கு 14 நாள்வரை, எபோலா, மார்பர்க் போன்றவற்றுக்கு 21 நாள்வரை ஆகலாம். அதற்குள் காய்ச்சல் வந்தால் நேரே கிளினிக்கில் போய் உட்காராதீர்கள். முதலில் போன் செய்து, எந்த நாட்டிலிருந்து எந்தத் தேதியில் வந்தீர்கள் என்று சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அவசரத்தில் நாங்கள் கேட்க மறப்பதுண்டு.

தென்கொரியாவில் 2015-ல் நடந்ததைப் பாருங்கள். மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவர் இறங்கும்போது நன்றாகத்தான் இருந்தார். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். மெர்ஸ் என்று தெரிவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருத்துவமனைகளுக்குப் போய் வந்துவிட்டார். மொத்தம் 186 பேருக்கு நோய், 38 பேர் மரணம். அநேகமாக எல்லாத் தொற்றும் மருத்துவமனைகளுக்குள்ளேயே நடந்தது: நெரிசலான அவசரப் பிரிவு, பல கட்டில்கள் போட்ட அறை, நோயாளியைப் பார்க்க வரும் உறவுக் கூட்டம்.

கேள்வி: கொசு விமானம் ஏறி வருமா?

வரும். அதனால்தான் சில நாடுகள் விமானத்துக்குள் மருந்து தெளிக்கச் சொல்கின்றன. அதைவிட அடிக்கடி நடப்பது, டெங்கு அல்லது ஜிகாவை உடம்பில் சுமந்து வரும் பயணியை உள்ளூர்க் கொசு கடிப்பது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும் நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் 10 நாள் முன்பே போட்டுவிடுங்கள். அதற்கு முன் சான்று செல்லாது.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. அடுத்த மாதம் பத்து மணி நேர விமானப் பயணம். ரத்து செய்துவிடலாமா?

போகும் ஊரிலேயே நோய் பரவுகிறது என்றால் தள்ளிப்போடுங்கள். இல்லையென்றால் போகட்டும். ஃப்ளூ தடுப்பூசி இந்த ஆண்டு போடவில்லையென்றால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். அப்புறம், அந்த வயதில் பத்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறைய வாய்ப்புண்டு. எங்கோ இருக்கும் வைரஸைவிட அதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். ஆமாம், மேலே ஜன்னலோரம் என்று சொன்னேன். அம்மாவுக்கு மட்டும் நடைபாதை ஓரம் எடுங்கள்.