தாடி ஐரிஸ் மறுபடி பூக்கவில்லையே, ஏன்?

கேள்வி: மறுபூப்பு ரகம் (வசந்தத்தில் பூத்து, இலையுதிர் காலத்தில் மறுபடியும் பூப்பது) என்று கேட்டு வாங்கிய தாடி ஐரிஸ் (இதழில் தாடி போன்ற மயிர் உள்ள, கிழங்கிலிருந்து வளரும் பூச்செடி) நட்டு நான்கு ஆண்டாகிறது. வசந்தத்தில் நன்றாகப் பூக்கிறது. இலையுதிர் காலத்தில் ஒரு தண்டுகூட வருவதில்லை. பூ முடிந்ததும் தண்ணீரை நிறுத்தி, கிழங்கு காயாமல் இருக்க மூடாக்குப் போடுகிறேன். எங்கே தவறு?

பதில்: தண்ணீரை நிறுத்தியதுதான் முதல் காரணமாக இருக்கும். ஒருமுறை பூத்த கிழங்கு திரும்பப் பூக்காது. குலை தள்ளிய வாழை மாதிரி, அதன் வேலை அத்தோடு முடிந்தது. அடுத்த பூ, பக்கத்தில் கிளைக்கும் புதுக் கிழங்கிலிருந்து வரவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் ரகங்கள் கோடையில் ஓய்வெடுக்கும், அவற்றைக் காயவிடலாம். மறுபூப்பு ரகமோ கோடை முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அப்போது பட்டினி போட்டால் பக்கக் கிழங்கு முற்றாது. ஆகவே பூ முடிந்ததும் காய்ந்த பூத்தண்டை அடியோடு வெட்டிவிட்டு, 5-10-10 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு) போலத் தழைச்சத்து குறைந்த உரம் ஒரு கை வையுங்கள். மேல்மண் காய்ந்ததும் ஆழமாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் மதமதவென்று வளரும், அழுகலும் கூடவே வரும்.

மூடாக்கை இன்றே விலக்கிவிடுங்கள். கிழங்கின் முதுகில் வெயில் படவேண்டும். பாதி நாளாவது நேர்வெயில் தேவை. விலக்கும்போது ஒவ்வொரு கிழங்கையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இஞ்சி போலக் கெட்டியாக இருந்தால் நல்லது. கொழகொழவென்று அமுங்கி நாற்றம் வந்தால் பாக்டீரியா அழுகல். கரண்டியால் கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை சுரண்டி, ஓரிரு நாள் வெயிலில் உலர்த்தி நடுங்கள்.

நான்கு ஆண்டில் கிழங்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். மறுபூப்பு ரகங்களை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து, 30 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவேண்டும். பிரித்த ஆண்டில் மறுபூ வராமல் போகலாம், அதற்காகக் கவலைப்படாதீர்கள்.

இவ்வளவு செய்தும் வராவிட்டால் ரகம் உங்கள் தட்பவெப்பத்துக்கு ஒத்துவரவில்லை என்று கொள்ளலாம். லாயிட் ஸர்பிரிக் உருவாக்கி 1982-இல் பதிவான வெள்ளை ரகம் 'இம்மார்ட்டாலிட்டி', குளிர்ப் பகுதிகளிலும் மறுபடி பூப்பதில் பெயர் பெற்றது. அதை முயன்று பாருங்கள். மொட்டு வந்தபின் உறைபனி வரும் போலிருந்தால் தண்டை வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வையுங்கள்; பருத்த மொட்டுகள் விரிந்துவிடும்.