சேர்ந்த தேதி மறந்துவிட்டது, படிவத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: 2012-ல் டிப்ளமோ முடித்து அம்பத்தூரில் ஒரு சின்ன லேத் பட்டறையில் சேர்ந்தேன். அப்புறம் காண்ட்ராக்டில் ஒரு பெரிய தொழிற்சாலை, அதன் பிறகு இரண்டு கம்பெனிகள். இப்போது புது வேலைக்கு எல்லாவற்றுக்கும் நாள், மாதம், வருடத்தோடு தேதி கேட்கிறார்கள். வீடு மாறியதில் காகிதங்கள் தொலைந்துவிட்டன. பட்டறையையும் மூடிவிட்டார்கள். தோராயமாகப் போட்டால் சிக்கலாகுமா? (வாசகர், ஓசூர்)

பதில்: தோராயமாகப் போடலாம். ஆனால் தோராயம் என்று அங்கேயே எழுதிவிடுங்கள். அதற்கு முன்னால் கிடைக்கிற சரியான தேதிகளையெல்லாம் எடுத்துவிடலாம். கடைசி வேலையிலிருந்து பின்னோக்கிப் போங்கள், அதுதான் சுலபம்.

முதலில் பிஎஃப். மெம்பர் போர்ட்டலில் யூஏஎன் (எத்தனை கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) போட்டு நுழைந்து, 'வியூ' மெனுவில் 'சர்வீஸ் ஹிஸ்டரி'யைத் திறந்தால் ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். வேலை விவரம் சரிபார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒப்பிடுவது இதோடுதான். அதனால் உங்கள் ஞாபகத்தைவிட இந்தத் தேதிக்கு மதிப்பு அதிகம். விலகிய தேதி காலியாக இருந்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து 'மார்க் எக்ஸிட்' வழியாக நீங்களே பதியலாம். அவசரப்பட்டுத் தப்பான தேதியைப் போட்டுவிடாதீர்கள், திருத்துவது பெரிய அலைச்சல்.

இதில் உங்களுக்கு இரண்டு இடத்தில் குழப்பம் வரலாம். காண்ட்ராக்டில் இருந்த காலத்துக்குத் தொழிற்சாலையின் பெயர் இருக்காது, காண்ட்ராக்டரின் பெயர்தான் இருக்கும். படிவத்தில் காண்ட்ராக்டரை முதலாளியாகவும், தொழிற்சாலையை வேலை பார்த்த இடமாகவும் எழுதுங்கள். தொழிற்சாலைப் பெயரை மட்டும் எழுதி, அங்கே கேட்டபோது 'அப்படி ஒருவர் எங்கள் ஊழியர் பட்டியலில் இல்லை' என்று பதில் வந்து, கைக்கு வந்த வேலையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, யூஏஎன் வந்ததே 2014-ல்தான். அதற்கு முந்தைய கணக்கை இணைக்காமல் விட்டிருந்தால் பட்டியலில் வராது. பட்டறையில் இருபது பேருக்குக் குறைவாக இருந்திருந்தால் பிஎஃப்பே பிடித்திருக்க மாட்டார்கள்.

சம்பளத்தில் வரி பிடித்திருந்தால், அதற்குக் கம்பெனி கொடுத்த சான்றிதழான ஃபார்ம் 16-ல் அந்த முதலாளியிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று இருக்கும். அது இல்லாவிட்டால் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ், அதாவது யார் எப்போது உங்களிடம் வரி பிடித்தார்கள் என்ற பட்டியல். மதிப்பீட்டு ஆண்டு 2017-18 என்றால் அது 2016-17 சம்பளம், இதில் நிறையப் பேர் ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள்.

சம்பளம் வங்கியில் விழுந்திருந்தால் பழைய பாஸ்புக்கைத் தேடுங்கள். முதல் மாதச் சம்பளம் குறைவாக இருக்கும், அதிலேயே சேர்ந்த தேதி ஒளிந்திருக்கிறது. முழுச் சம்பளம் 18,000, முதல் மாதம் விழுந்தது 7,800 என்று வையுங்கள். முப்பது நாள் மாதத்தில் ஒரு நாளைக்கு 600, ஆக 13 நாள் சம்பளம். அப்படியானால் 18-ஆம் தேதி சேர்ந்திருக்கிறீர்கள். சில இடங்களில் 26 நாளால் வகுப்பார்கள். அதனால் இதைத் தனியாக நம்பாமல், மெயிலில் பழைய கம்பெனி பெயரைத் தேடி ஆஃபர் லெட்டரோ மெடிக்கல் டெஸ்ட்டுக்கு வரச்சொன்ன கடிதமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் சம்பளம் வாங்கிய பட்டறைக்கு இதெல்லாம் உதவாது. அங்கே ஞாபகத்தைத்தான் பிடித்து இழுக்க வேண்டும். 'எப்போது சேர்ந்தேன்' என்று யோசித்தால் ஒன்றும் வராது. 'ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துச் சந்தனம் வைத்தபோது நான் புது ஆளா, பழைய ஆளா' என்று யோசியுங்கள். 2012-ல் ஆயுத பூஜை அக்டோபர் 23. பிற்கால வேலைகளுக்கு 2015 டிசம்பர் வெள்ளம், 2016 நவம்பர் 8-ல் நோட்டு செல்லாமல் போனது, அடுத்த மாதம் 12-ல் வர்தா புயல் எல்லாம் கைகொடுக்கும். கூட வேலை பார்த்தவருக்கு ஒரு போன் போடுங்கள். அவர் கல்யாணத்துக்குப் பட்டறையிலிருந்து எல்லோருமாகப் போயிருந்தால் பத்திரிகையில் தேதி இருக்குமே!

இவ்வளவுக்கும் பிறகு நாள் கிடைக்கவில்லையென்றால் மாதம், வருடம் போதும். ஆன்லைன் படிவம் நாள் இல்லாமல் நகரவில்லையென்றால் 1-ஆம் தேதியைப் போட்டு, குறிப்புப் பகுதியில் 'மாதம் சரி, நாள் தோராயம், நிறுவனம் மூடப்பட்டுவிட்டது' என்று எழுதுங்கள். அந்தப் பகுதியே இல்லையா? ஹெச்ஆருக்கு அதையே ஒரு வரி மெயிலாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வேலைக்கு நடுவே நான்கு மாதம் சும்மா இருந்திருந்தால் அப்படியே விடுங்கள். அதை மறைக்க, நிஜத்தைவிடப் பிந்திய தேதியில் விலகியதாகப் போட்டால் பிஎஃப் தேதியோடு இடிக்கும். இடைவெளிக்குக் காரணம் கேட்பார்கள், சொல்லிவிடலாம். தேதியைத் திருத்தியது தெரிந்தால் பெரும்பாலும் காரணமே கேட்க மாட்டார்கள்.