கடினமான கணக்கைப் போட்டுவிடுகிறேன், ஆனால் அடுத்தவருக்குப் புரியும்படி எழுத வரவில்லை. எப்படி எழுதுவது?

என் அக்கா மகளுக்கும் இதே சிக்கல்தான் இருந்தது. உயர்நிலை 3 படித்தபோது ஒருநாள் "மாமா, ஜூலை 16" என்று ஒரு தாளை நீட்டினாள். ஷெரிலின் பிறந்தநாள் கணக்கு. 2015இல் சிங்கப்பூர், ஆசியப் பள்ளிகளுக்கான கணித ஒலிம்பியாடில் வந்து உலகம் முழுக்கப் பரவியதே, அதுதான். விடை சரி. ஆனால் தாளில் பத்துத் தேதிகளும் ஒன்பது கோடுகளும் தவிர வேறெதுவும் இல்லை. மறுவாரம் அந்தத் தாளைக் காட்டி, "மே மாதத்தை ஏன் அடித்தாய்?" என்று கேட்டேன். அவளுக்கே நினைவில்லை.

கணக்கு இதுதான். மே 15, 16, 19. ஜூன் 17, 18. ஜூலை 14, 16. ஆகஸ்ட் 14, 15, 17. இவற்றில் ஒன்று ஷெரிலின் பிறந்தநாள். மாதத்தை ஆல்பர்ட்டிடம் மட்டும், நாளின் எண்ணைப் பெர்னார்டிடம் மட்டும் அவள் சொல்கிறாள். ஆல்பர்ட்: "எனக்குத் தெரியாது, ஆனால் பெர்னார்டுக்கும் தெரியாது என்பது தெரியும்." பெர்னார்ட்: "முதலில் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது." ஆல்பர்ட்: "அப்படியானால் எனக்கும் தெரியும்."

பலர் எழுதும் முதல் வரி: "18, 19 ஒரே முறைதான் வருகின்றன, ஆகவே மே, ஜூன் இல்லை." எழுதியவருக்கு இது போதும். படிப்பவருக்கு நடுவில் ஒரு படி இல்லை. 19ஐ அடித்தால் போதாதா, மே 15 என்ன பாவம் செய்தது?

அவளை அந்தத் தாளோடு அவள் அப்பாவிடம் அனுப்பினேன். அவர் கணக்குப் படித்தவர் அல்ல, ஆனால் புரியாவிட்டால் தலையாட்ட மாட்டார். அவள் வாசிக்க ஆரம்பித்ததுமே நிறுத்தினார். "இரும்மா, பெர்னார்டுக்குத் தெரியாது என்பது ஆல்பர்ட்டுக்கு எப்படித் தெரியும்?"

விட்டுப்போன படி அதுதான். அவள் உட்கார்ந்து எழுதினாள்: ஆல்பர்ட் கையில் மாதம் மட்டும்தான் இருக்கிறது. அது மே என்றால், நாள் 19ஆக இருக்கக்கூடும். அப்போது பெர்னார்ட் உடனே கண்டுபிடித்திருப்பான். ஜூன் என்றால் 18க்கும் அதே கதை. இரண்டில் எதுவானாலும் ஆல்பர்ட்டால் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. ஆகவே மாதம் ஜூலை அல்லது ஆகஸ்ட்.

உங்களுக்கும் இதையே சொல்வேன். எதையாவது அடிக்கும்போது, எந்த வாக்கியம் அதை அடிக்கச் சொன்னது, அந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். கண்டுபிடித்த வரிசையில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. நாம் தடுமாறித்தான் கண்டுபிடிக்கிறோம். படிப்பவர் நேராக நடந்து வரட்டும். "எளிதில் காணலாம்" என்று எழுதக் கை போனால் அங்கே நில்லுங்கள். எனக்குப் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்கு அடியில்தான் இரண்டு வரி ஒளிந்திருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் நீட்டவும் வேண்டாம். மிச்சத்தை அவள் இரண்டே வரியில் முடித்தாள். 14 இரண்டு மாதத்திலும் இருப்பதால் பெர்னார்டுக்கு இப்போது தெரிய வாய்ப்பில்லை, அது போகட்டும். ஆகஸ்ட் என்றால் இன்னும் இரண்டு தேதி மிஞ்சும், ஆல்பர்ட்டுக்குத் தெரியாது. ஆகவே ஜூலை 16. அப்பா இங்கே எதுவும் கேட்கவில்லை.

ஆனால் தாளின் அடியில் அவளாகவே ஒரு பத்தி சேர்த்தாள். பெர்னார்டுக்குத் தெரியாது என்பதை ஆல்பர்ட் மாதத்தை வைத்து யோசிக்காமல், யாரோ சொல்லித் தெரிந்துகொண்டதாக வைத்தால், 18, 19 மட்டுமே போகும். ஜூனில் 17 மட்டும் மிஞ்சும். ஜூன் என்றால் ஆல்பர்ட்டுக்கே விடை தெரிந்திருக்கும், ஆகவே ஜூனும் போகும். அப்புறம் 17 ஒரே இடத்தில்தான் இருக்கும், விடை ஆகஸ்ட் 17 என்று வரும். இந்தக் கணக்கு பரவியபோது பலர் அடித்துச் சொன்ன விடை அது. அவள் அப்பாவும் முதலில் அதைத்தான் சொன்னாராம்.