சபை வாலிபர் ஐக்கியத் தலைவர்களுக்குப் பயிற்சி எதற்கு, எப்படிக் கொடுப்பது?

சம்பளமில்லாமல், வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டே வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிறவர்தான் தன்னார்வத் தலைவர். ஒரு சேகரத்தில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதியில், பல ஊர்ச் சபைகள். எல்லாப் பிள்ளைகளையும் ஆயர் ஒருவரே கவனிக்க முடியாது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரும் உள்ளூர் உபதேசியார்களை (ஊர்ச் சபைகளில் போதிக்கிற ஊழியர்களை) பயிற்றுவித்தார்.

பயிற்சி என்றால் ஒருநாள் கூட்டமும் மதியச் சாப்பாடும் அல்ல (நம்மூரில் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது). தாமிரபரணியில் நீச்சல் பழக்குவதுபோல, கூடவே இறங்கி, வயிற்றுக்கடியில் கை கொடுத்து, மெல்லக் கையை எடுக்க வேண்டும். முதலில் மூத்தவர் வேதபாடம் நடத்துவதைப் பார்க்கட்டும், பிறகு சேர்ந்து நடத்தட்டும், அப்புறம் தனியாக. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் மறைக்கக்கூடாது, குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நன்றாகப் பாடிப் பேசுகிறவர்தான் தலைவராக முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இரண்டு வாரம் வராத பையனின் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறவரும் தலைவராகலாம்.