புலி தெரியாத மிருகக்காட்சிச்சாலை

அன்புள்ள தம்பி,
சொந்த ஊர் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடி. இப்போது ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். எழுபதுகளில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கொழும்புக்குப் பக்கத்தில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போனோம். பின்னேரம் யானைகள் ஆடியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. போன மாதம் பேரனை இங்குள்ள மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனேன். யானையே இல்லை. புலி பற்றைக்குள் படுத்துவிட்டது, வாலைக்கூடக் காணவில்லை. காசு கொடுத்தவனுக்கு மிருகத்தைக் காட்டாமல் என்ன மிருகக்காட்சிச்சாலை? மட்டக்களப்பிலாவது நல்லதாக ஒன்று அமைக்கக் கூடாதா?

அன்புள்ள அண்ணன்,
அந்தப் புலிக்குப் படுக்க ஒரு பற்றை கிடைத்ததே, அதைத்தான் இத்தனை வருடத்தில் வந்த பெரிய முன்னேற்றம் என்பேன். அந்தக் காலத்துக் கூடுகள் சீமெந்துத் தரையும் இரும்புக் கம்பியும். கழுவ லேசு, பார்க்கவும் வசதி. மிருகம் ஒளிவதற்குத்தான் இடமில்லை. ஆள் நெருங்கினால் விலகிப்போவது காட்டு மிருகத்தின் இயல்பு, அதற்கு இடம் கொடுக்காவிட்டால் அது பதற்றத்திலேயே கிடக்கும் என்று சுவிஸ் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் 1942இலேயே எழுதிவிட்டார். ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கும் சிறுத்தையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது அடைபட்டதால் வரும் நோய்.

கம்பியை எடுத்து அகழி வெட்டும் யோசனை இன்னும் பழையது. கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹம்பர்க்கில் அப்படி ஒன்றைத் திறந்தார். தெஹிவளையைத் தொடங்கிய ஜோன் ஹாகன்பெக் அவருடைய தம்பி முறை, மிருக வியாபாரி. மேல்நாடுகளுக்குக் கப்பலேற்றும் வரை மிருகங்களை அங்கே வைத்திருந்தார். 1936இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. ஆனால் அகழி பார்ப்பவரின் கண்ணுக்குச் செய்த உபகாரம். மிருகத்தின் பக்கம் நின்று யோசிக்க இன்னும் பல காலம் பிடித்தது.

உங்கள் ரொறன்ரோ யானைகளின் கதையும் அதுதான். 2011இல் மாநகர சபை முடிவெடுத்து, 2013இல் மிஞ்சியிருந்த மூன்று ஆபிரிக்க யானைகளையும் கலிபோர்னியாவில் ஒரு சரணாலயத்துக்கு அனுப்பினார்கள். ரொறன்ரோக் குளிர் யானைக்கு ஆகுமா, சொல்லுங்கள். தெஹிவளை ஆட்டம் உங்களுக்குச் சந்தோசமான ஞாபகம், அதை நான் பறிக்கவில்லை. ஆனால் அங்குசம் இல்லாமல் அந்த ஆட்டம் இல்லை. பேரன் அதைப் பார்க்காதது நல்லது.

சரி, மட்டக்களப்புக்கு வருவோம். எங்களுக்கு மிருகக்காட்சிச்சாலை வேண்டாம், அண்ணன். அம்பாறைப் பக்கம் இங்கினியாகலையில் வள்ளம் ஏறினால் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் பார்க்கலாம். 1954இலிருந்து அந்தப் பகுதி கல்லோயா தேசியப் பூங்கா. ஒரு நாள் முழுக்கச் சுற்றியும் ஒன்றும் கண்ணில் படாமல் போகலாம். அதையும் பேரனுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்.

அதே அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேடு இருக்கிறது. சாப்பாட்டு மணத்துக்கு வரும் யானைகள் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் அப்படிச் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. வயிற்றைப் பிளந்து பார்த்தால் பிளாஸ்டிக்தான். இங்கே மிருகக்காட்சிச்சாலை கட்டக் காசு சேர்க்க வெளிநாட்டில் யாராவது முன்வந்தால், அந்தக் காசில் குப்பைமேட்டைச் சுற்றி உறுதியான வேலியும், குப்பை தரம்பிரிக்க ஆட்களும் போடச் சொல்லுங்கள்.